ஆண்கள் பள்ளியில் நான் தொடாத கருவிகள்

அப்பா லேப் வாசலில் வந்து நின்றபோது உள்ளே இருட்டாக இருந்தது.

முழு இருட்டு இல்லை. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தோம். மேசை ஓரத்தில் சோடிய விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நான் நிறமாலைமானியின் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்துக் குனிந்திருந்தேன். நாலு மேசை தள்ளி இயற்பியல் சார் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கதவை ஒட்டி, வெளிச்சம் விழும் இடத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடி நிறைய ரவிக்கைகளை வைத்து அம்மா கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

அது சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. அதுவும் ஆண்கள் பள்ளி. பகல் ஷிப்டுக்குப் போன அப்பா அந்நேரம் மில்லில் இருந்திருக்க வேண்டும். அவர் என்னைத் தேடி அங்கே வருவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

அவர் கையில் ஓர் இன்லேண்ட் லெட்டர் இருந்தது. பிரித்து, மறுபடி மடித்து, வியர்வையில் நைந்துபோயிருந்தது. அவர் சாரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அங்கே இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ராக்கு எங்க?"

அந்தக் கேள்விக்குத்தான் ஒரு வருடத்துக்கும் மேலாக நான் பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டு பேர் என்றால் சரி

ராக்கு என்கிற ராக்கம்மாள் ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நாங்கள் வில்லாபுரத்தில் இருந்தோம். அவள் அவனியாபுரம் பக்கத்திலிருந்து நடந்து வருவாள். அவள் அப்பா ஒரு காலத்தில் பிறர் வயலில் கூலிக்கு நாற்று சுமந்தவர். பிறகு கொத்தனார் ஆனார். என் அப்பா சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு மில் வேலைக்கு மதுரை வந்தவர். ஊரில் இருந்திருந்தால் எங்கள் இரண்டு வீடும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்தான். பள்ளிக்கூட பெஞ்சில் அந்தக் கேள்வி எழவில்லை.

நாங்கள் படித்தது பழங்காநத்தம் போகிற சாலையில் இருந்த பெண்கள் பள்ளி. அங்கே பத்தாவது வரை எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தெரிந்தது ப்ளஸ் ஒன் வந்தபோதுதான். அந்தப் பள்ளியில் வணிகவியல் குரூப் உண்டு, மனையியல் உண்டு. கணக்கும் இயற்பியலும் சேர்ந்த முதல் குரூப் கிடையாது. லேப் என்ற பெயரில் ஒரு பூட்டிய அலமாரி இருந்தது. அதற்குள் ஒரு கண்ணாடிக் குடுவையும் ஒரு தராசும். ஐந்து வருடத்தில் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அதே சாலையில், ஒரு கூப்பிடு தூரத்தில் ஆண்கள் பள்ளி. ப்ளஸ் டூ வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். முதல் குரூப்புக்கு மட்டும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

கணக்கில் ராக்குதான் முதல். நான் இரண்டாவது, சில சமயம் மூன்றாவது. "ரெண்டு பேரும் போவோம்டி. ரெண்டு பேர் இருந்தா என்ன பயம்?" என்றாள்.

அப்பா மூன்று நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ராக்குவை வரச் சொல்லி, இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"சேந்து போகணும், சேந்து வரணும். அங்க தனியா நிக்கிற சோலியே ஆகாது. உங்க பேருல ஒரு சொல்லு வந்துச்சுன்னா, அன்னைக்கே படிப்ப நிறுத்திப்புடுவேன். சரியா தாயி?"

"சரிங்கப்பா" என்று இருவரும் சொன்னோம். ராக்குவும் அவரை அப்பா என்றுதான் அழைப்பாள்.

பெஞ்சை யார் தூக்குவது?

சென்ற வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத் திருமங்கலத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளை ஆறாம் வகுப்பில் பெண்கள் பள்ளியில் சேர்ப்பதா, இருபாலரும் படிக்கும் பள்ளியில் சேர்ப்பதா, நீங்கள் இரண்டையும் பார்த்தவராயிற்றே என்று கேட்கிறார். பார்த்தவள்தான். அதனால்தான் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

பெண்கள் பள்ளியில் ஆண்டு விழா என்றால் பெஞ்சை நாங்கள்தான் தூக்கினோம். மேடைக்கு மூங்கில் நட்டதும், மைக் செட்காரரோடு சண்டை போட்டதும் நாங்கள்தான். நாடகத்தில் ராஜாவும் நாங்கள், சேவகனும் நாங்கள். கண்மையால் மீசை வரைந்துகொள்வோம். மாதவிலக்கு நாளில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் படுத்தால் டீச்சர் காரணம் கேட்கமாட்டார். கபடியில் ராக்கு கேப்டன். மண்ணில் விழுந்து முட்டி கிழிந்து எழுந்து நிற்பாள். தாவணி எங்கே போயிற்று என்று அவளும் பார்க்கமாட்டாள், நாங்களும் பார்க்கமாட்டோம்.

அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தெருப்பக்க ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். பங்குனி வெயிலில் அந்த அறைகள் வெந்துகொண்டிருக்கும். ரிப்பன் ஒரு விரற்கடை அகலம் கூடினால் பிரம்படி. ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி கட்டிவிடும் கதைகளுக்குக் குறைவே இல்லை. கணக்கு டீச்சர் பாதிப் பாடத்தை நடத்திவிட்டு, "உங்களுக்கு இம்புட்டுப் போதும்" என்று சாக்பீஸைக் கீழே வைப்பார். மீதியை ராக்கு தானாகப் படித்து எனக்குச் சொல்லித் தருவாள்.

ஆண்கள் பள்ளியில் ஜன்னல்கள் திறந்திருந்தன. லேப்பில் மேசை மேசையாகக் கருவிகள். கணக்கு சார் பாடத்தை முழுசாக நடத்தினார். ஆனால் பெஞ்சைத் தொடப் போனால், "நீங்க தள்ளுங்க" என்று பையன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

எங்களுக்கு அங்கே கழிப்பறை இல்லை. நாங்கள் போய்க் கேட்கவும் இல்லை. யாரிடம், எப்படிக் கேட்பது? காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. சாயங்காலம் வீடு வரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியானம் தயிர்ச்சோறு தொண்டையில் நிற்கும். இரண்டு வருடமும் எனக்கு நினைவில் இருப்பது அந்தத் தாகமும், மூன்றாவது பீரியடில் தொடங்கும் தலைவலியும்தான்.

மைனஸ்

சேர்ந்த இரண்டாவது மாதம். கணக்கு சார் போர்டில் நீளமாக ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். ராக்கு எழுந்தாள். பழைய பள்ளியில் எழுவதைப் போலவே, கையைக்கூடத் தூக்காமல்.

"சார், மூணாவது வரில மைனஸ் வரணும்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு கால் தரையில் தட்டத் தொடங்கியது. இரண்டு கால், பத்துக் கால். கடைசியில் மொத்த வகுப்பும் செருப்புக் காலால் தரையைத் தட்டியது. லாரி வருவதுபோல அந்தச் சத்தம் பெஞ்சு வழியாக எங்கள் முதுகில் ஏறியது.

சார் போர்டைப் பார்த்தார். திருத்தினார். சிரித்துக்கொண்டே, "ஒரு பொம்பளப் புள்ளைக்கு இருக்குற கண்ணு உங்க நாப்பத்தாறு பேருல ஒருத்தனுக்கும் இல்லையேடா" என்றார். பாராட்டுவதாகத்தான் அவர் நினைத்தார்.

மறுநாளிலிருந்து அவள் பெயர் மைனஸ். வராண்டாவில் நடந்தால், "மைனஸ் வருதுடா." சைக்கிள் ஸ்டாண்ட் சுவரில் கரியால் பெரிய கோடு ஒன்று. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எவரிடமாவது போய்ப் புகார் சொன்னால், "இது ஒரு விசயமாம்மா?" என்று கேட்பார்கள். எங்களுக்கே அது தெரிந்திருந்தது.

ராக்கு அதன்பிறகு வகுப்பில் எழவில்லை. நோட்டில் மட்டும் திருத்திக்கொள்வாள். பேச்சுப் போட்டியில் மைக்கே வேண்டாம் என்று சொல்லிப் பேசியவள், வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்லவும் தொண்டையைச் செருமினாள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்த வாரம், வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னாள். "நான் நம்ம பள்ளிக்கூடத்துக்கே போறேன்டி. பெரிய டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். காமர்ஸ்ல இடம் தாரேன்னாக."

"கணக்கு?"

"கணக்கு இல்ல."

"பயந்துட்டியாடி?"

அவள் நின்றுவிட்டாள். "பயமில்ல கலா. அங்க எனக்கு வாய் இருக்கு. இங்க காது மட்டுந்தான் இருக்கு. ரெண்டு வருசம் இப்படியே இருந்தா அப்புறம் வாய் வராது. எனக்குத் தெரியுது."

எனக்குக் கோபம் வந்தது. அவளுக்காக அல்ல. அப்பாவின் நிபந்தனை என்னாவது என்றுதான் முதலில் நினைத்தேன். அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் மறைத்தது

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எளிதாகவும் இருந்தது. இரண்டு பள்ளியும் ஒரே சாலையில். பழைய நீலத் தாவணியையே புதிய பள்ளியிலும் கட்ட விட்டிருந்தார்கள். காலையில் ராக்கு வழக்கம்போல எங்கள் வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவாள். சாயங்காலம் சேர்ந்தே திரும்புவோம். நடுவில் அவள் ஒரு வாசலில் திரும்பினாள், நான் இன்னொன்றில். அப்பா அதை எப்படி அறிவார்?

ஆனால் தினமும் சாயங்காலம் அவர் சைக்கிள் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும். யாராவது சொல்லியிருப்பார்களோ? அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, தண்ணீர் கேட்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மாவிடம் மட்டும் ஒரு மாதம் கழித்து அழுதுகொண்டே சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "சரி, நீ படி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் இப்போது பெண் நான் ஒருத்திதான். வாசலை ஒட்டிய முதல் பெஞ்சு முழுக்க எனக்கு. சார் வந்தபின் உள்ளே போவேன்; சார் போகும்போது வெளியே வருவேன். இடையில் வராண்டாத் தூண் ஓரம்.

லேப்பில் மேசைக்கு நான்கு பேர். என் மேசையில் மூன்று பையன்கள். அவர்கள் கருவியைச் சுற்றி நிற்பார்கள். நான் ஒரு கை தூரம் தள்ளி நிற்பேன். செய்து முடித்ததும் ஒருவன் அளவீடுகளை வாசிப்பான். நான் எழுதிக்கொள்வேன். கணக்கிடும் வேலை என்னுடையது. அதை நான்தான் நன்றாகச் செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். ரெக்கார்ட் நோட்டில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்.

ப்ளஸ் டூ காலாண்டு முடிந்ததும் சார் அறிவித்தார். பொதுத்தேர்வில் செய்முறைக்கு வெளியிலிருந்து ஆள் வருவார். சீட்டு எடுக்க வேண்டும். எந்தச் சோதனை வந்தாலும் தனியாகச் செய்ய வேண்டும்.

அன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்றரை வருடமாக அந்த லேப்புக்குள் போய் வருகிறேன். ஒரு திருகைக்கூட நான் திருகியதில்லை. லேப் இல்லாத பள்ளியிலிருந்து லேப்புக்காக இங்கே வந்தேன். வந்து என்ன செய்தேன்? அங்கே ஒரு பூட்டிய அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே மூன்று முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆசிரியர் அறை வாசலில் போய் நின்றேன். சனிக்கிழமை லேப்பைத் திறந்து விடுவீர்களா சார் என்று கேட்டேன்.

சார் நல்ல மனிதர்; பயந்த மனிதர். "திறக்கலாம்மா. ஆனா ஒரு பொம்பளப் புள்ளையத் தனியா லேப்ல வச்சுட்டு நாளைக்கு ஊருக்குப் பதில் சொல்ல முடியாது. உங்க வீட்டுலருந்து ஒரு பொம்பள ஆளு கூட வந்தாகன்னா சரி."

அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பழங்காநத்தம் தையல் கடையிலிருந்து ரவிக்கைகளை வாங்கி வந்து வீட்டில் கொக்கி தைத்துக் கொடுப்பது அவள் வேலை. "அங்க உக்காந்தும் தைக்கலாம்ல" என்றாள்.

"அப்பாகிட்ட?"

"கேட்டா வேணாம்பாரு. கேக்காமப் போனா வேணாம்னு சொல்ல மாட்டாருல்ல" என்றாள்.

அப்படி ஆறு சனிக்கிழமைகள் போயின.

வாசலில் அப்பா

ஏழாவது சனிக்கிழமை அப்பா வந்தார். கடிதம் மில் விலாசத்துக்குப் போயிருந்தது. யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. உங்கள் மகள் லீவு நாளில் ஆண்கள் பள்ளிக்குப் போகிறாள், அறையை இருட்டாக்கிக்கொள்கிறார்கள், அவள் தோழி இந்தப் பள்ளியிலேயே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? அவ்வளவுதான் கடிதம். கையெழுத்து இல்லை. அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை.

"ராக்கு எங்க?" என்று அவர் கேட்டதும் நான் தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்தேன்.

"அவ பழைய பள்ளிக்கூடத்துக்கே போயிட்டாப்பா."

"எப்ப?"

"போன வருசம் காலாண்டுல."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அம்மா. ஊசி கையிலேயே இருந்தது.

சார் எழுந்துவிட்டார். விடைத்தாள் கட்டு கீழே சரிந்தது. "ஐயா, நான் அவங்க அம்மா இல்லாம ஒரு நாளும் லேப்பத் தொறந்ததில்ல..."

"உங்கள ஒண்ணும் கேக்கல சார்" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "ஏன் இருட்டா இருக்கு?"

"வெளிச்சம் இருந்தா கோடு தெரியாதுப்பா. இந்த முப்பட்டகத்தத் திருப்பத் திருப்ப மஞ்சக்கோடு நகரும். ஒரு எடத்துல நின்னு திரும்பி வரும். அந்த எடத்தப் புடிக்கணும்." என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "நீங்களும் பாருங்கப்பா."

"நான் எதுக்குப் பாக்கணும்? கெளம்பு."

"இன்னும் அரைமணி நேரம் இருக்கு. புள்ள முடிச்சுட்டு வரட்டும்" என்றாள் அம்மா. அவள் அவரை எதிர்த்துச் சொன்னதாக நான் கேட்ட முதல் வாக்கியம் அது.

அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே போய் வராண்டாப் படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் மறுபடி குனிந்தேன். கண்ணில் நீர் கோத்து மஞ்சள் கோடு இரண்டு மூன்றாகத் தெரிந்தது. ஒரு அளவீடும் எடுக்கவில்லை. அரைமணி நேரம் சும்மா குனிந்திருந்தேன்.

திரும்பும் வழியில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் அம்மாவும் பின்னால்.

சோறு ஆறிய இரவு

அன்று சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"வாரத்துல ரெண்டு நாள் லேப்புங்கற. அப்ப அந்தச் சாமானத் தொட விடமாட்டேங்கறானுகளா?"

நான் யோசித்தேன். யாரும் தடுத்ததாக ஒரு நாளைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

"தடுக்கலப்பா. நான்தான் தள்ளி நிக்கிறேன்."

"ஏன்?"

அதற்கு என்ன சொல்வது? அவர்தானே தனியாக நிற்காதே, பேர் வாங்காதே என்று சொல்லி அனுப்பினார்? அவர் கேட்டுக்கொண்டதைத்தானே செய்தேன்? அதை அவரிடம் சொல்லவில்லை.

"இனிமே சனிக்கிழம கிடையாது" என்றார். "ஊரு கண்ணுல படாம ஒளிஞ்சு போனா லெட்டர் வரத்தான் செய்யும். எல்லாரும் போற அன்னைக்குப் போ. எல்லாரும் செய்யறப்ப செய். அது ஆகாதுன்னா நின்னுக்க. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"எம்புட்டுப் பசங்க நடுவுல அவ ஒருத்தி. சொல்றது லேசு" என்றாள் அம்மா.

அவர் எழுந்து கையைக் கழுவப் போனார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவர் படிப்பை நிறுத்தவில்லை என்று இன்று பிறரிடம் பெருமையாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவரை வெறுத்தேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதற்குள் போகிற ஒரே வழியையும் அடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஜாக்கி

செவ்வாய்க்கிழமை லேப். எங்கள் மேசைக்கு மீட்டர் சமனச் சுற்று. ஒரு மீட்டர் நீளக் கம்பி. அதன்மேல் ஒரு சிறிய முனையால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாமல் பூஜ்யத்தில் நிற்கிறதோ அதுதான் விடை. அந்த முனைக்கு ஜாக்கி என்று பெயர்.

ஜாக்கி கண்ணாடி போட்ட ஒரு பையன் கையில் இருந்தது. நான் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை ஈரமாகித் தாவணியில் துடைத்துத் துடைத்து அந்த இடம் கசங்கிவிட்டது. ஒரு கை தூரத்தை நடந்தேன்.

"நான் செய்யணும்."

அவன் கேட்காததுபோல இருந்தான். கேட்கவில்லைதானோ என்னவோ. மறுபடி சொன்னேன். அது சத்தமாக, கூப்பாடுபோல வந்துவிட்டது. லேப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ரீடிங்தான் நாங்க தாரோம்ல?" என்றான் அவன்.

"ரீடிங் வேணாம். ஜாக்கியக் குடுங்க."

கடைசி மேசையிலிருந்து முதல் கால் தட்டியது. பிறகு எல்லாக் கால்களும். ராக்குவின் நாளில் முதுகில் ஏறிய அதே சத்தம். சார் தலையைத் தூக்கி, "என்ன அங்க?" என்றார். ஓயவில்லை. எனக்குக் காது அடைத்தது. ஓடிவிடலாம் என்று திரும்பினால் வாசல் ரொம்ப தூரத்தில் இருந்தது.

கண்ணாடிப் பையன் ஜாக்கியை நீட்டினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. இத்தனை நாள் நான் கேட்டதே இல்லையே.

கம்பியில் வைத்தேன். முள் ஒரு பக்கம் சரேலென்று ஓடியது. எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். மறுபக்கம் ஓடியது. அவசரத்தில் முனை கம்பியில் உராய்ந்தது. "உரசாதீங்க, தூக்கித் தூக்கி வைங்க" என்றான் அவன் தாழ்ந்த குரலில். தூக்கித் தூக்கி வைத்தேன். ஐம்பத்து நாலில் முள் நின்றது.

அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை என் பெயர் ஜாக்கி. சுவரிலும் எழுதினார்கள். ராக்குவைவிட நான் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கு முன்னால் இரண்டு வருடம் இருந்தது. எனக்கு மிச்சம் இருந்ததோ நாலே மாதம். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக்கூடிய காலம்.

செய்முறைத் தேர்வில் எனக்குச் சுரமானி வந்தது. தந்தியின்மேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழ வேண்டும். மூன்றாவது முயற்சியில் விழுந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "யார் சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நின்றேன்.

திருமங்கலத்துத் தாய்க்கு

ராக்கு பள்ளித் தலைவியாக இருந்து ப்ளஸ் டூ முடித்தாள். பிறகு சட்டம் படித்தாள். இன்று அவள் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கோப்பை மறுபடி ஒருமுறை புரட்டிக்கொள்வார் என்கிறார்கள். நான் பொறியியல் படித்து முப்பது வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் கூட்டங்களில் எனக்குத் தெரிந்த பதிலை இன்னொருவர் சொல்லக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாய் வர நாளாயிற்று. ராக்கு அன்றே சொன்னாள்.

அப்படியானால் அவள் ஜெயித்தாளா? அந்தத் தாய்க்கு அப்படி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. காரணம் ஒரு சாயங்காலம்.

ப்ளஸ் டூ முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ராக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். என் கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துப் புரட்டுவாள். பேசிக்கொண்டிருக்கும்போது கைக்கு ஏதாவது வேண்டுமே என்று புரட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். சில சமயம் நோட்டையும் கேட்டு வாங்கிப் போவாள். புதன்கிழமை திருப்பித் தருவாள்.

பொதுத்தேர்வில் கணக்குப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் அவள் வந்தாள். நான் சுருண்டு படுத்திருந்தேன். ஒரு பத்து மார்க் கணக்கை விட்டுவிட்டேன். பாதிவரை போய், வழி தெரியாமல் நின்று, நேரம் முடிந்துவிட்டது.

"வினாத்தாளக் காமி" என்றாள்.

"எதுக்குடி?"

"சும்மா காமி."

நான் விட்ட கணக்கைக் கேட்டாள். காட்டினேன். என் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு, வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். ஓரிடத்தில் நின்றாள். பென்சில் முனையை உதட்டில் வைத்துக்கொண்டாள். நான் நின்றுபோன அதே இடம். பிறகு இரண்டு வரி மேலே போய் ஒன்றை மாற்றினாள். அதன்பின் அவள் கை நிற்கவில்லை.

வாசலில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா காப்பியை வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போயிற்று.

"சரியா பாரு" என்று நீட்டினாள்.

நான் வரி வரியாகப் பார்த்தேன். எனக்கு இரண்டு வருடமாகச் சார் நடத்திய பாடம் அது. அவளுக்கு யாருமே நடத்தவில்லை.

"சரி" என்றேன்.

ராக்கு தலையை ஆட்டிக்கொண்டாள். தாளை அழகாக நாலாக மடித்தாள். தன் பைக்குள் வைக்கப் போனவள், யோசித்துவிட்டு என் மேசைமேலேயே வைத்தாள்.

"எனக்கு நாளைக்குக் காமர்ஸ் பரீட்சை. இன்னும் ரெண்டு பாடம் பாக்கணும். வாரேன்டி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.